காசு பாதியாகிவிட்டது, எந்த வேலையை நிறுத்துவது? 2022-இல் சங்கம் நடத்தினவர்கள் சொல்லுங்கள்

தென்மராட்சியான் கேட்டது:

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு இப்போது நான் செயலாளர். பொறுப்பெடுத்து அதிக காலமில்லை. மாலை வகுப்பு, வாசிகசாலை, தனியாக இருக்கும் முதியவர்களுக்கு உலர் உணவுப் பொதி, மாதமொரு கண் பரிசோதனை எல்லாம் நடக்கிறது. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற ஊர்க்காரர் அனுப்பும் காசில்தான். அங்கேயும் வாடகையும் வட்டியும் ஏறிவிட்டதாம், வருகிற தொகை பாதியாகிவிட்டது. எல்லாவற்றையும் பாதி பாதி குறைப்போம் என்கிறது நிர்வாக சபை. எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் பதிலுக்கு என்ன சொல்வதென்றும் தெரியவில்லை. அண்ணாமார், அக்காமார் 2022-இல் இலங்கையில் வந்த பொருளாதார நெருக்கடியை எப்படிச் சமாளித்தீர்கள்?

கரையோரத்து அக்கா எழுதியது:

தம்பி, பாதி பாதி மட்டும் வேண்டாம். அரைப் பொதி வாங்க வருகிற கிழவிக்கும் ஆட்டோக்காசு முழுசாகத்தான் போகும்.

எங்களுடையது வடமராட்சியில் ஒரு மாதர் சங்கம். தையல் வகுப்பு, முன்பள்ளி, சின்னக் கடன் என்று ஓடிக்கொண்டிருந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கையை விரித்தது. அதே மாதம் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 2675 ரூபாயிலிருந்து 4860-க்குப் போனது, அதுவும் கிடைத்தால். ஆனால் எங்கள் ஊரை முறித்தது மண்ணெண்ணெய்தான். வள்ளத்து எஞ்சின் அதில்தானே ஓடுகிறது. எண்ணெய் இல்லை, தொழில் இல்லை, வீட்டில் கறிக்கு மீனும் இல்லை. ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே அடியாக 340 ஆனது.

அப்போது பார்த்தால், எங்கள் உதவிப் பட்டியலில் இருந்தவர்கள் வேறு, பசியோடு இருந்தவர்கள் வேறு. பட்டியலில் இருந்தது போரில் கணவனை இழந்தவர்களும், சமுர்த்தி என்ற அரசாங்க வறுமை உதவி எடுத்த குடும்பங்களும். சொந்த வள்ளம் வைத்திருந்தவர், சீமெந்து விலையால் வேலை நின்றுபோன மேசன், இவர்கள் அதில் இல்லை. வந்து கேட்கிற ஆட்களும் இல்லை. முன்பள்ளி ரீச்சர்தான் கண்டுபிடித்தா. பத்து மணிக்குக் கொடுக்கிற பிஸ்கட்டில் ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதைச் சட்டைப் பையில் வைக்குதாம் ஒரு பிள்ளை, வீட்டில் இருக்கிற தம்பிக்கு என்று. அது வள்ளக்காரர் வீட்டுப் பிள்ளை.

தையல் வகுப்பை அடியோடு மூடினோம். புதுக் கடனும் இல்லை. அந்தக் காசெல்லாம் காலைக் கஞ்சிக்கு. அரிசி, பயறு, தேங்காய்ப்பால், கிடைக்கிற முருங்கையிலை. காஸை நம்பவில்லை, அடுப்பெரிக்கக் கங்குமட்டையும் பொச்சுமட்டையும் சனமே கொண்டுவந்து போட்டது. பெயர் எழுதுவதில்லை, பிள்ளையைக் கூட்டிவருகிறவருக்கும் ஒரு கோப்பை என்று வைத்தோம். மேசனின் மனைவி அந்தச் சாட்டில் வந்து நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போவா. பெயர் பதியச் சொல்லியிருந்தால் படலைக்குள் கால் வைத்திருக்கமாட்டா.

கொண்டுபோய்க் கொடுப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் அட்டை வந்த பிறகும் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான் கிடைத்தது. அதனால் ஒரே அடுப்பை விட்டுவிட்டு, ஒழுங்கைக்கு ஒன்றாக மூன்று வீட்டு முற்றங்களில் மூட்டினோம்.

உங்கள் கதைக்கு வருகிறேன். நாங்கள் விட்டால் வேறு யார் இதைச் செய்வார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். கண் கிளினிக் ஆஸ்பத்திரியில் இருக்கிறது, கூட்டிப்போக ஆள் பிடித்துக் கொடுத்தால் போதும். வாசிகசாலைக்குப் பேப்பரைக் குறைத்துவிட்டு மாலை வகுப்பை அதற்குள்ளே வையுங்கள், ஒரு கரன்ட் பில் மிச்சம். முதியவர் பொதியில் கைவைக்க வேண்டாம்.

ஹற்றன்வாசி எழுதியது:

அக்கா சொல்ற சமைச்ச சாப்பாடு எங்க பக்கம் அப்படியே சரிவராது. இது தேயிலைத் தோட்டம், டிவிஷனுக்கு டிவிஷன் மலை ஏறி இறங்கணும், காலையில அம்மா கொழுந்து பறிக்கப் போயிடுவாங்க. நாள் சம்பளம் ஆயிரம் ரூபா அப்படியே நிக்க, கோதுமை மா விலை மட்டும் ஏறிக்கிட்டே போச்சு. ரொட்டிதானே எங்க சாப்பாடு. நாங்க பிள்ளை மடுவத்தை, அதாவது வேலைக்குப் போற அம்மாமார் பிள்ளைகளை விட்டுட்டுப் போற இடத்தை, பிடிச்சுக்கிட்டோம். அங்க ஏற்கனவே அடுப்பு இருக்கு, பார்த்துக்கிற அம்மா இருக்காங்க, பிள்ளைகளும் அங்கதான். கடலையும் பயறும் மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தோம். புதுசா எதையும் கட்டாம, இருக்கிற இடத்துல போய்ச் சேருறதுதான் லேசு.

தென்மராட்சியான்:

நன்றி அக்கா, நன்றி அண்ணே. இன்னொன்று. காசு தருகிறவர்கள் மாலை வகுப்புக்கென்றே அனுப்புகிறார்கள். அதை வேறு வேலைக்குத் திருப்பலாமா? படம் வேறு கேட்கிறார்கள்.

கரையோரத்து அக்கா:

கேட்காமல் திருப்ப வேண்டாம், பிறகு ஊரே கதைக்கும். நாங்கள் வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு போட்டோம்: தையலுக்கு என்று தந்த காசைக் கஞ்சிக்கு எடுக்கப் போகிறோம், விருப்பமில்லாதவர் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்று. இரண்டு பேர்தான் மறுத்தார்கள், அவர்கள் காசைத் தொடவில்லை. படம் என்றால் கடைப் பில்லையும் அரிசி மூட்டையையும் எடுத்து அனுப்புவோம். பிள்ளை குடிக்கிற படம் வேண்டும் என்று ஒருவர் விடாமல் நின்றார். முகம் தெரியப் போட்டால் அடுத்த நாள் அந்தத் தாய் வரமாட்டா என்று சொன்னேன். கோபித்துக்கொண்டு நிறுத்திவிட்டார். நிறுத்தட்டும். நீங்கள் இந்தக் கிழமையே அந்தக் குரல்பதிவைப் போட்டுவிடுங்கள், நிர்வாக சபைக் கூட்டத்துக்கு முந்தி.