பல்கலைக்கழகச் செய்தியை ஊர்ப் பலகையில் எப்படி எழுதுவது?

பீடோங் வாசி:
வணக்கம். கெடா, பீடோங்கில் எங்கள் கோயில் மண்டபத்து அறிவிப்புப் பலகையில், பல்கலைக்கழகங்களில் பயிலும் ஊர்ப் பிள்ளைகளின் சாதனைகளை மாதந்தோறும் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் அருகிலேயே இருப்பதாலும், பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகள் சிலர் இருப்பதாலும் செய்திக்குப் பஞ்சமில்லை. சென்ற மாதம் ஒரு மாணவி ஆய்வுக் கட்டுரைக்குப் பரிசு பெற்றதை, மாலையணிந்த படத்தோடும் "மனமார்ந்த வாழ்த்துகள்" என்ற வரியோடும் ஒட்டினேன். முன்பு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்த பாட்டி ஒருவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்துவிட்டு, "பரிசு சரி, அந்தப் பிள்ள எதப் பத்தி எழுதிச்சு?" என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை. இனி எப்படி எழுதலாம்?

மெர்போக் ஆசிரியர்:
ஐயா, பாட்டி கேட்டதுதான் செய்தி. மாலையை எல்லாரும் பார்த்தாயிற்று. உங்களுக்குப் பக்கத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. சுங்கை பத்துவில், செம்பனை எனும் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்கு நடுவே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் குழு 2009 முதல் அகழாய்வு செய்து, இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களையும், செங்கல் படகுத்துறையையும், துருத்திக் காற்றை உலைக்குள் செலுத்திய களிமண் குழாய்களையும் வெளிக்கொணர்ந்தது. "தொல்லியல் துறை சாதனை" என்று எழுதினால் ஒருவரும் நின்று படிக்கமாட்டார். "நாம் உரம் போட்ட மண்ணுக்கடியில் இரும்புக் கசடு" என்று எழுதிப் பாருங்கள். ஓர் எச்சரிக்கையும் உண்டு. கெடாவின் பழம்பெயரான கடாரம் என்றதும் அனைத்தையும் இராசேந்திர சோழன் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அவன் படையெடுப்பு 1025இல். அந்த உலைகளோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. எவ்வளவு முந்தியவை என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு இருப்பதால், ஆண்டை அடித்துச் சொல்லாமல் எழுதுவதே நேர்மை.

பெரட்டுக்களம்:
ஆசிரியர் சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். 1950களில், மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தபோது, அங்கே தமிழுக்கு இடம் கேட்டுத் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி "தமிழ் எங்கள் உயிர்" என்ற பெயரில் நிதி திரட்டினார். இந்திய இயல் துறை 1956இல் தொடங்கியது. தோட்டத்தில் காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து நின்ற இடத்திலேயே, இடுப்பு வாரில் முடிந்து வைத்திருந்த ஒரு வெள்ளிப் பணத்தை எடுத்துக் கொடுத்ததாக என் தந்தை சொல்வார். அவர் எந்தப் பல்கலைக்கழக வாசலையும் மிதித்ததில்லை. ஆகவே இந்தச் செய்திகளைத் தோட்டத்து மக்களுக்குப் புரியாத மொழியில் எழுதுவது, கணக்குக் கேட்க உரிமையுள்ளவரிடம் சீட்டை மறைப்பது போலத்தான்.

செமிலிங் தாய்:
படத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். என் மகன் படத்தைப் பார்க்க என் மாமியார் மூன்று முறை மண்டபத்துக்குப் போனார். படத்தின் கீழே, அவன் செய்த வேலையை அவனையே இரண்டு வரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். அனுமதியும் அப்போதே கேட்டுவிடலாம்.

பீடோங் வாசி:
மிக்க நன்றி. நேற்று அந்த மாணவியைத் தொலைபேசியில் அழைத்தேன். கித்தா எனும் ரப்பர் மரத்தின் பாலை உறைய வைக்கும் அமிலம் கலந்த கழிவுநீரைச் சுத்திகரிப்பது பற்றித்தான் கட்டுரையாம். பாட்டி நாற்பது ஆண்டுகள் வாளி சுமந்த பால். பலகையில் எழுதுவதற்கு முன் அவரிடம் நேரில் சொல்லப் போகிறேன்.