குடும்ப வாட்ஸ்அப் குழு: லாரிப் படம், 1/35 மாடலுக்கு (நிஜ அளவுல 35-ல ஒரு பங்கு)

கார்த்தி: ஞாயிறு அருங்காட்சியகத்துல படம் எடுக்க அனுமதி கெடச்சாச்சு. ரெண்டு அமெரிக்க ராணுவ லாரி: ரெண்டாம் உலகப் போர் காலத்து ஜிஎம்சி சிசிகேடபிள்யூ 353, பக்கத்துலயே அதுக்கப்புறம் வந்த எம்35ஏ2. ரெண்டு மணி நேரம்தான். எது விட்டுப்போகக் கூடாதுன்னு சொல்லுங்க.

பெரியப்பா: நேர் பக்கவாட்டுப் படம்டா. முக்கால் கோணத்துல அழகழகா ஏகப்பட்டது கெடைக்குது. ஸ்கேல் வெச்சு அளக்கற மாதிரி பக்கவாட்டு கெடைக்கறதுதான் கஷ்டம்.

மீனா அக்கா: அதுக்கு நல்லா பின்னாடி தள்ளி நிக்கணும் கார்த்தி. எம்35 சுமார் 6.7 மீட்டர் நீளம். போனோட மெயின் லென்ஸ்ல 6 மீட்டர்லயே முழு வண்டியும் அடங்கிடும், அதனால எல்லாரும் அங்கயே நின்னுடறாங்க. 50 மி.மீ. லென்ஸ்னா 11 மீட்டர், 85-னா 19 மீட்டர். போன்ல 2எக்ஸ் கிட்டத்தட்ட 50-க்குச் சமம்.

கார்த்தி: கிட்ட நின்னு எடுத்துட்டு அப்புறம் சாஃப்ட்வேர்ல நிமித்திக்கலாம்ல அக்கா?

மீனா அக்கா: லென்ஸ் வளைச்சதை நிமித்தலாம். நீ நின்ன இடத்தால வந்ததை நிமித்த முடியாது. கிட்ட நின்னு எடுத்த படத்துல முன் டயரைப் பாரு, அதோட பின்பக்க ட்ரெட் (தரையில படற வரிப்பள்ளம்) தெரியும். பின் டயர்ல முன்பக்க ட்ரெட் தெரியும். அப்படித் தெரிஞ்சா அதை வெச்சு அளவு எடுக்காதே. ரெண்டு டயரோட ட்ரெட்டும் ஒரு கோடு மாதிரி ஒடுங்கற வரைக்கும் பின்னாடி போ.

மீனா அக்கா: இடம் இல்லன்னா வண்டிக்கு இணையா நடந்து, ஒரே தூரத்துல 5, 6 படமா எடு. ஒவ்வொண்ணும் முந்தினதோட பாதிக்கு மேல ஒட்டி வரணும். ஒரே இடத்துல நின்னு கேமராவைத் திருப்பக் கூடாது. லென்ஸ் வண்டி உயரத்துல பாதிக்கு நேரா இருக்கட்டும், 1.2 மீட்டர் போதும்.

பெரியப்பா: அளவுகோல் எங்க வெப்பே?

கார்த்தி: வண்டி முன்னாடி தரையில ஒரு மீட்டர் கோல் போட்டுடலாம்னு நெனச்சேன்.

பெரியப்பா: அதான் கூடாது. கேமரா 11 மீட்டர்ல இருக்கு, கோல் வண்டிக்கு ஒரு மீட்டர் முன்னாடி கெடக்குன்னு வெச்சுக்கோ. படத்துல கோல் 10 சதவீதம் பெருசாத் தெரியும். அதை நம்பி வரைஞ்சா, 1/35-ல 191 மி.மீ. வரவேண்டிய லாரி 174-ல நின்னுடும். எதை அளக்கறியோ அந்தத் தளத்துல கோல் இருக்கணும். டயர் முகத்துக்கு ஒரு தடவை, பாடி பலகைக்கு ஒரு தடவை, ரெண்டும் வேற வேற தளம்.

பெரியப்பா: கோல் மறந்தாலும் ரிம் இருக்கு. ரெண்டு வண்டிக்கும் 20 இன்ச் ரிம், அதாவது 508 மி.மீ. 1/35-ல 14.5. ஆனா டயர் உட்கார்ற இடத்துல வர்ற அளவு அது. வெளி விளிம்பு கொஞ்சம் பெருசு.

பாபு மாமா: வண்டி ஸ்டாண்டுல நிக்குதான்னு முதல்ல பாரு கார்த்தி. காட்சிக்கு வைக்கறப்ப அச்சுக்கு அடியில தாங்கு கொடுத்துடுவாங்க. எடையால டயர் அடியில வர்ற சப்பை இருக்காது. சேஸிஸுக்கு (வண்டியோட அடிச்சட்டம்) கொடுத்திருந்தா ஸ்பிரிங்கும் தொங்கிடும். அந்தப் படத்தைப் பார்த்து உயரம் வெச்சா தப்பாயிடும்.

கார்த்தி: சரி மாமா. அடிப்பக்கம் என்னென்ன?

பாபு மாமா: சிசிகேடபிள்யூல அச்சு ரெண்டு வகை. ஒண்ணு ஸ்பிளிட், நடுப் பெட்டி ரெண்டு பாதியா போல்ட் போட்டுச் சேர்ந்திருக்கும். இன்னொண்ணு பேஞ்சோ, பின்னாடி வட்ட மூடி. எந்த கிட் (மாடல் பாகப் பெட்டி) வாங்கறதுங்கறதே இதை வெச்சுதான். அதனால மூணு அச்சையும் முன்னாலயும் பின்னாலயும் எடு.

பாபு மாமா: ட்ரைவ் ஷாஃப்ட் (இன்ஜின் சுழற்சியை அச்சுக்குக் கொண்டுபோற தண்டு) எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னும் வேணும். சிசிகேடபிள்யூல கடைசி அச்சுக்குப் போற ஷாஃப்ட், நடு அச்சு மேல இருக்கற பேரிங் வழியா தாண்டிப் போகும். எம்35-ல நடு அச்சோட டிஃபரன்ஷியல் (அச்சு நடுவுல இருக்கற பல்சக்கரப் பெட்டி) வழியாவே ஊடுருவிப் போகும். ரெண்டையும் ஒரே மாதிரி செஞ்சு வெச்ச மாடல் நெறைய.

பெரியப்பா: பிரேக் ஹோஸ், பிரேக் ஹோஸ்! 🙏 சேஸிஸ்ல ஒரு பிராக்கெட், அதுலேர்ந்து ரப்பர் ஹோஸ் தொங்கி அச்சுக்கு வரும். அங்க ஒரு டி-இணைப்பு, அதுலேர்ந்து ஸ்டீல் குழாய் ரெண்டு பக்கமும் பிரிஞ்சு அச்சு முதுகு மேல ஓடி, டிரம் பின்தட்டுக்குள்ள போகும். நடுவுல எத்தனை கிளிப், எங்க வளைவு, எல்லாம் வேணும். டி-இணைப்பை மட்டும் குளோசப் எடுத்துட்டு வந்துடாதே. ஹோஸோட ரெண்டு நுனியும் ஒரே படத்துல இருக்கணும், அதுக்கப்புறம் குளோசப்.

மீனா அக்கா: அடிப்பக்கத்துக்கு கேமராவைத் தரையிலயே வை. ஆட்டோல விட்டா வெளியில இருக்கற வெளிச்சத்தைப் பார்த்து அளந்துட்டு அடிப்பகுதியைக் கருப்பாக்கிடும். எக்ஸ்போஷரை (படத்தோட வெளிச்ச அளவு) 1 அல்லது 1.5 ஸ்டாப் கூட்டு. கேமரா மேல இருக்கற ஃபிளாஷ் வேண்டாம், கிரீஸும் புதுப் பெயிண்டும் வெள்ளையா அடிச்சுடும். சின்ன எல்இடியைப் பக்கத்துலேர்ந்து சாய்ச்சுப் பிடி. அப்பதான் வெல்டிங் தையலும் வார்ப்போட சொரசொரப்பும் எழும்பித் தெரியும்.

கார்த்தி: அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப்/8 போதுமா?

மீனா அக்கா: முழு வண்டிக்குப் போதும். குளோசப்புக்கு எஃப்/11. இடமே இல்லாத கேபினுக்குள்ள மட்டும் வைட் லென்ஸ் போடு, அளவுக்கு இல்ல, எது எங்க இருக்குன்னு தெரிய. பெடல், கியர் லிவர், சீட்டுக்கு அடி, கதவோட உள்பக்கம். டேஷ்போர்டுல இருக்கற பெயர்த்தகட்டை நேரா எடுத்தா உன் நிழல்தான் தெரியும், கொஞ்சம் சாய்ஞ்சு எடு.

பெரியப்பா: எல்லாத்தோட ஓரமும் எடு. மட்கார்டு ஓரம், கதவு ஓரம், டெயில்கேட் மேல்விளிம்பு. பக்கத்துல ஸ்டீல் ரூலர். கிட்ல மட்கார்டு 0.8 மி.மீ. இருந்தா, நிஜத்துல 28 மி.மீ. கனம்னு அர்த்தம். நிஜத் தகடு சில மில்லிதான். எவ்வளவு சுரண்டணும்னு ஓரப் படம்தான் சொல்லும்.

பெரியப்பா: சக்கரம் மறந்துடாதே. ரெண்டு வண்டிக்கும் 6 நட்டு. முன்னாடி தட்டு வெளிப்பக்கம் உப்பியிருக்கும், பின்னாடி வெளிச்சக்கரம் உள்ள குழிஞ்சிருக்கும். ரெட்டைச் சக்கரத்துக்கு நடுவுல இருக்கற இடைவெளியைப் பின்னாலேர்ந்து ஒரு படம்.

பாபு மாமா: எம்35-ல பின் அச்சு ஒவ்வொண்ணுக்கும் டார்க் ராடு (அச்சைச் சேஸிஸோட பிடிச்சு வைக்கற கம்பி) மேல ஒண்ணு, கீழ ரெண்டு. ஸ்பிரிங்ல எத்தனை தகடுன்னு எண்ணற மாதிரி பக்கத்துலேர்ந்து எடு.

கார்த்தி: புதுசாக்கின வண்டியா இருந்தா எதை நம்பக் கூடாது?

பாபு மாமா: சாலைக்காக மாட்டின இண்டிகேட்டர், பெரிய கண்ணாடி, ரேடியல் டயர், பிளாஸ்டிக் தார்ப்பாய், புது ஒயர். சந்தேகம் வந்தா அதே உறுப்பை வண்டியோட ரெண்டு பக்கத்துலயும் எடு. ஒரு பக்கம் பழசும் மறுபக்கம் மாத்தினதுமா இருக்கும். பெயர்த்தகடும் நகலா இருக்கலாம், அதனால சேஸிஸ்ல குத்தின எண்ணையும் எடு.

மீனா அக்கா: கலருக்கு முதல் படத்துல சாம்பல் அட்டை வை, வெளிச்சம் மாறறப்ப மறுபடி. ரா ஃபைல்ல (கேமரா திருத்தாத மூலப் படம்) எடு.

பெரியப்பா: அட்டை வெச்சாலும் அது இப்ப அடிச்சிருக்கற பெயிண்டோட கலர்தான். போர்க்கால ஆலிவ் டிராப்ல (ராணுவப் பச்சை) மினுமினுப்பு கிடையாது. காட்சிக்கு நிக்கற வண்டியில பெரும்பாலும் கொஞ்சம் பளபளப்பு இருக்கும். சீட்டுக்கு அடியில, பெயர்த்தகட்டு ஓரத்துல பழைய பெயிண்ட் எட்டிப் பார்த்தா அதை விடாதே.

கார்த்தி: வரிசை இப்படி: பெயர்த்தகடு, நாலு நேர்ப்பக்கம், நாலு மூலை, சக்கரம், அடி, கேபின், சரக்குப் பெட்டி. சரியா?

பெரியப்பா: அடிப்பக்கத்தை மூலைப் படத்துக்கு முன்னாடி கொண்டுவா. நேரம் போதலைன்னா மூலைதான் போகணும். பெட்டியில தார்ப்பாய் வில் சொருகற குழி, டெயில்கேட் கீல், சங்கிலி கொக்கி, பலகையோட அகலம்.

மீனா அக்கா: ஒவ்வொரு பகுதிக்கும் முன்னாடி "இடது, முன் அச்சு"ன்னு எழுதின சீட்டை ஒரு படம் எடுத்துடு. வீட்டுக்கு வந்தப்புறம் இடது வலது கண்டுபிடிக்கவே முடியாது.

கார்த்தி: எடுத்ததை இங்கயே போட்டுடறேன்.

மீனா அக்கா: படமா அனுப்பினா சுருக்கிடும், போல்ட் தலையெல்லாம் குழம்பிடும். டாகுமென்ட்டா அனுப்பு. ஆனா அதுல எடுத்த இடமும் கூடவே வரும். அருங்காட்சியகம்னா பரவாயில்ல, நாளைக்குத் தனியார் ஷெட்டுல எடுத்தா லொகேஷனை ஆஃப் பண்ணிட்டு எடு.