பெரிய நிறுவனங்களின் போக்கைச் சுற்றாடல் அமைப்புகளால் மாற்ற முடியுமா?

பூநகரியான்:
எங்கள் பகுதிக் கமக்காரர் அமைப்பும் கடற்றொழிலாளர் சங்கமும், மணல் அகழ வரவிருக்கும் நிறுவனம் ஒன்றிடம் சுற்றாடல் பொறுப்புக் குறித்து எழுத்தில் உறுதி கேட்க எண்ணியுள்ளன. மன்னார், பூநகரிக் காற்றாலைத் திட்டத்திலிருந்து அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியபோது, அது சுற்றாடல் அமைப்புகளின் வெற்றி என்று பலர் எழுதினர். அவ்வமைப்புகளுக்கு உண்மையிலேயே அத்தகைய வலு இருக்கிறதா, அல்லது கணக்குச் சரிவராததால் நிறுவனம் தானாகவே போய்விட்டதா?

வன்னிக்கமம்:
இரண்டும் கலந்தது என்பதே என் கணிப்பு. வலசைப் பறவைகளின் வழியில் காற்றாலைகள் அமைவதை எதிர்த்து 2024இல் உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் தொடரப்பட்டன. ஆனால் நிறுவனம் வெளியேறியது, ஓர் அலகு மின்சாரத்துக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்ற விலையை மீளப் பேசப் புதிய அரசு முனைந்த பின்னரே. எனவே முழு வெற்றி என்று கொண்டாடுவதை நான் ஏற்கவில்லை. ஆனால் அமைப்புகளுக்கு வலுவே இல்லை என்றும் சொல்லமுடியாது. 2010இல் கிரீன்பீஸ் என்ற சர்வதேசச் சுற்றாடல் அமைப்பு, காடழித்துப் பெறும் பாமெண்ணெய்க்காக நெஸ்லேயின் கிட்கற் இனிப்பைக் குறிவைத்துக் காணொளி வெளியிட்டபோது, இரண்டே மாதங்களில் நிறுவனம் தன் கொள்வனவுக் கொள்கையை மாற்றியது. கடைத்தட்டில் பெயர் இருந்ததால்தான் அந்த அச்சம் வந்தது. மணல் அகழ்பவருக்கு அப்படிக் காக்கவேண்டிய பெயர் ஏதும் கிடையாது.

குளக்கட்டு:
மேலே சொன்னது சரி. ஆகவே எங்களுக்கு எஞ்சியிருப்பவை அனுமதிப் பத்திரமும் நீதிமன்றமும்தான். அநுராதபுர மாவட்டத்து எப்பாவலவில், உரத்துக்கான பொசுபேற்றுக் கனியத்தை அகழும் திட்டத்தை அப்பகுதி மக்கள் சிலரே உயர் நீதிமன்றம் சென்று 2000இல் தடுத்தார்கள். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் நிலத்தடி நீரில் மின்னுற்பத்தி நிலைய எண்ணெய் கலந்த விவகாரத்தில், சுற்றாடல் அமைப்பொன்றின் தலைவர் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில், பாதிக்கப்பட்டவர்களுக்கு 20 மில்லியன் ரூபாய் வழங்குமாறு மின்னுற்பத்தி நிறுவனத்துக்கு 2019இல் கட்டளையிடப்பட்டது. இருந்தும் கிணறுகள் கெட்ட பின்னர் கிடைத்த தீர்ப்பு அது. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் காலத்தில் எழுத்தில் ஆட்சேபிக்கலாம் என்றாலும், பெரிய அகழ்வொன்றைச் சிறு சிறு அனுமதிகளாகப் பிரித்துவிட்டால் அம்மதிப்பீடே தேவைப்படாமல் அந்த வாசல் திறக்காமற் போகக்கூடும். இதை முதலிற் கவனியுங்கள்.

கரைத்துறை:
இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். நிறுவனங்கள் முதலில் மாணவருக்குப் புத்தகப்பை, கோவிலுக்குக் கூரைத்தகடு என்று தருவதுண்டு. அதைச் சமூகப் பொறுப்பு என்று அவர்கள் அறிக்கையில் எழுதுவார்கள். வாங்கிய சங்கமும் வாங்காத சங்கமும் பிறகு ஒரே மேசையில் அமரா. கமக்காரரும் கடற்றொழிலாளரும் ஒரே கடிதத்தில் ஒப்பமிடுவது அதனாற்றான் முக்கியம்.

பூநகரியான்:
நன்றி. உறுதிமொழி கேட்பதற்கு முன், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அனுமதி நிபந்தனைகளையும் அகழ்வு ஆழத்தையும் கேட்டு விண்ணப்பிப்போம். அகழ்வு தொடங்குமுன் கிணற்று நீரைப் பரிசோதித்து அறிக்கை எடுத்துவைக்கவும் கூட்டத்தில் முன்மொழிகிறேன்; பின்னாளில் நீர் உவர்த்தால், முன்பிருந்தே அப்படித்தான் என்று எவரும் சொல்லமுடியாது.