வேலூர், குடியாத்தம் பக்கம் குடியை விட்டவர்களின் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம் எங்கே நடக்கிறது?

எல்லோருக்கும் வணக்கம். என் அண்ணன் குடியை நிறுத்தி இன்றோடு 41 நாள். திடீரென்று விட்டால் நடுக்கம், வலிப்புகூட வரலாம் என்பதால் முதல் வாரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்வையில் இருந்தார். இப்போது டீ டம்ளரைச் சிந்தாமல் பிடிக்கிறார். அதைப் பார்த்துவிட்டு அம்மா அடுப்படிக்குள் போய் அழுதார்.

சாயங்காலம்தான் கஷ்டம். ஆறு மணியானால் தறியை விட்டு எழுந்து வாசலுக்கும் கூடத்துக்குமாக நடக்கிறார். என்ன சொன்னாலும், "உனக்கு அது தெரியாதும்மா" என்கிறார். உண்மைதான். குடித்து மீண்டவர் சொன்னால் கேட்பார் என்று தோன்றுகிறது.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அப்படித்தானே, 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாகி ஆரம்பித்தது. கட்டணம் இல்லை, குடியை விடும் விருப்பம் இருந்தால் போதும். பெயர் வெளியே போகாது என்பதுதான் அண்ணனுக்குப் பெரிய ஆறுதல். குடியாத்தத்தில் தெருவுக்கு நாலு சொந்தம் எங்களுக்கு.

குடியாத்தம், காட்பாடி, வேலூர், இராணிப்பேட்டை, எங்கே இருந்தாலும் சரி. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, தமிழில் பேசுகிறார்களா? குடும்பத்தாரும் உட்காரக்கூடிய திறந்த கூட்டமாக இருந்தால் முதல் நாள் நானும் கூடப் போவேன். ராத்திரி பஸ் பிடித்துத் திரும்ப வேண்டும், அதனால் முடியும் நேரமும் சொல்லுங்கள்.

அப்புறம், அண்ணிக்காக, குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டம் பற்றியும் தெரிந்தால் நல்லது. அவரும் மிகவும் களைத்துப் போயிருக்கிறார். இங்கே எழுதத் தயக்கமானால் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.