பதிமூணு கண் பாலமும் எங்கள் பூட்டனும்

கழுதுருட்டியில் அந்தப் பதிமூணு கண் ரயில் பாலத்தை ஒட்டிப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எங்கள் வீட்டு ஆட்கள் யாராவது ஒருவர், "நம்ம பூட்டன் கட்டின பாலம்லா" என்று சொல்லிவிடுவார்கள். நானும் என் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு மலை வழியாக ரயில் வந்தது 1904-ல். பூட்டனும் அந்தக் காலத்து ஆள்தான். அதனால் யாரும் சந்தேகப்படவில்லை.

ஆச்சி இறந்து பதினாறாம் நாள் முடிந்த பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். அடியில் நாலாக மடித்த முத்திரைத்தாள் ஒன்று, மேலே திருவிதாங்கூர் சங்கு. எழுத்து தமிழ்தான், ஆனால் ஒரு மெய்யெழுத்துக்கும் புள்ளி கிடையாது, வார்த்தைக்கு நடுவில் இடைவெளியும் கிடையாது. வருஷம் தமிழ் எண்ணில் ௲௭௰௯ என்று இருந்தது. என் மருமகன் ௭-ஐ 'எ' என்றும் ௰-ஐ 'ய' என்றும் வாசித்து, ஏதோ மந்திரம் என்று முடிவு கட்டிவிட்டான். ஒருவழியாக 1079 என்று கண்டுபிடித்ததும், "பூட்டன் குலோத்துங்கன் காலத்து ஆளா மாமா?" என்று சிரித்தான்.

செங்கோட்டையில் வயதான பத்திர எழுத்தர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். "அண்ணாச்சி, இது என்ன வருஷம்?" என்றதும் கண்ணாடியைக்கூட மாட்டாமல், "கொல்லம் ஆண்டுல்லா, திருவிதாங்கூர்க் கணக்கு. 1956 நவம்பர் வரைக்கும் செங்கோட்டை நம்மது இல்லைடே" என்றார். கணக்கு சுலபம். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கும். ஆவணி முதல் டிசம்பர் வரை 824 கூட்ட வேண்டும், ஜனவரிக்கு மேல் 825. பத்திரத்தில் மாசி மாதம் என்று இருந்ததால் 1904. ரயில் ஓடுவதற்குச் சில மாதம் முன்னால்.

தொகை 350 பணம். நாங்கள் ரூபாய் என்றே நினைத்திருந்தோம். நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு சர்க்கார் ரூபாய் என்று அண்ணாச்சி விரலை மடக்கினார். ஆக வெறும் 50 ரூபாய். வண்டியும் மாடும் கட்ட ஒரு மனையை அந்தத் தொகைக்கு ஒற்றிக்கு, அதாவது பணம் திரும்பும்வரை அனுபவிக்கிற அடமானத்துக்கு, வாங்கியிருக்கிறார் பூட்டன். அப்புறம் அண்ணாச்சி விரல் ஒரு வரியில் நின்றது. பூட்டன் பேர், அவர் அப்பா பேர், வயது எல்லாம் வந்து, கடைசியில் 'வண்டித்தொழில்'. ரயிலும் இல்லை, பாலமும் இல்லை. ஆரியங்காவுக் கணவாய் வழியாக மாட்டுவண்டியில் சரக்கு ஏற்றிப்போனவர்.

சரி, இன்னொரு பத்திரம் இருக்குமா என்று தேடப் போனதில்தான் அலைச்சல். ஒரு அலுவலகத்தில் தேடுகூலி கட்டி, பூட்டன் பேரைச் சொன்னேன். 'அப்படி யாரும் இல்லை' என்று வந்தது. மறுபடி கட்டினேன், மறுபடியும் இல்லை. பெரியம்மாதான் யோசித்துச் சொன்னாள்: "அந்தக் காலத்துல அப்பன் பேர முன்னால போடுவாவடா." அப்பா பேருக்கான எழுத்தில் தேடச் சொன்னேன், ஒரு மணி நேரத்தில் கிடைத்தது. பழைய திருவிதாங்கூர்ப் பக்கம் யாராவது தேடுவதாக இருந்தால் முதலில் இதைச் செய்யுங்கள், என்னைப் போல இரண்டு தடவை பணம் கட்டாதீர்கள்.

இரண்டாவது பத்திரம் 1082, அதாவது ரயில் வந்து மூன்று வருஷத்துக்குள். அதே மனையின் ஒற்றி உரிமையை, 'என் கடன் தீர்க்கும் வகைக்காக' என்று எழுதி 210 பணத்துக்கு வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். ரயில்தான் சவாரியைக் கெடுத்தது என்று பத்திரத்தில் இருக்காதுதான். ஆனால் அந்தக் கணவாயில் வண்டி ஓட்டியவருக்கு வேறென்ன வந்திருக்கும்? கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு கீறல், பக்கத்தில் யாரோ 'இது அவர் கைக்கீறல்' என்று எழுதியிருந்தார்கள். அதைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரி பெரியப்பாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"வண்டி வச்சிருந்தாருன்னு எழுதியிருக்கா?"

"ஆமா பெரியப்பா."

"அப்போ பாலத்துக்குக் கல்லு ஏத்திட்டுப் போனது யாரு வண்டிடா?"

இதை மறுக்க என்னிடம் பத்திரம் எதுவும் இல்லை.