வீட்டைப் பூட்டியதும் ஊளையிடும் நாய்: கூண்டு வாங்கலாமா?

பெருங்குடி_மணி:
எங்கள் மணி நாட்டு நாய், மூன்று வயது. குட்டியாக வந்த நாளில் இருந்து நான் வீட்டில் இருந்தே வேலை பார்த்ததால் தனியாக இருந்து பழக்கமே இல்லை. இப்போது வாரத்தில் 4 நாள் அலுவலகம். நான் கிளம்பிய பத்தாவது நிமிடம் ஊளை ஆரம்பிக்கிறது, கதவைப் பிறாண்டிப் பிறாண்டி நேற்று நகத்தில் ரத்தம். கீழ்வீட்டு அம்மா இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டார். கூண்டு வாங்கலாமா?

தோட்டத்துவீடு:
வாங்குங்கள். ராஜபாளையம், லேப்ரடார் என்று 20 வருடமாக வளர்க்கிறேன். இரண்டு நாள் கத்தும், மூன்றாம் நாள் அடங்கிவிடும். கத்தும்போதெல்லாம் ஓடி வந்து கொஞ்சினால் அடம்தான் கூடும்.

மருதாணி:
அண்ணா, இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். நீங்கள் சொன்ன மாதிரிதான் நானும் செய்தேன், என் நாய் கம்பியைக் கடித்துக் கோரைப்பல்லை உடைத்துக்கொண்டது. அது அடம் இல்லை, பயம். பெருங்குடி_மணி, ஒன்று செய்து பாருங்கள்: வேகவைத்த கோழித்துண்டு நாலைந்தை, எலும்பும் வெங்காயமும் இல்லாமல், தட்டில் வைத்துவிட்டு, பழைய செல்போனை நாயை வீடியோ எடுக்கும்படி வைத்துவிட்டு வெளியே போங்கள். பொழுது போகாமல் கத்தும் நாய் முதலில் அதைத் தின்றுவிடும், பதறுகிற நாய் பெரும்பாலும் தொடவே தொடாது.

பெருங்குடி_மணி:
செய்தேன். தொடவில்லை. வாயில் இருந்து எச்சில் ஒழுகக் கதவுக்கும் ஜன்னலுக்கும் அலைந்துகொண்டே இருந்தது. நான் உள்ளே வந்த பிறகுதான் அத்தனையையும் விழுங்கியது. வீடியோவைப் பார்த்து அழுதுவிட்டேன்.

தோட்டத்துவீடு:
சரி, பயம் என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு என்ன வழி? காலையில் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள், தூங்கிவிடும்.

மருதாணி:
ஓட்டம் அவசியம்தான், ஆனால் களைத்துப்போன நாயும் பதறும். நாம் கிளம்பப் போகிறோம் என்பது சாவிச் சத்தத்திலேயே அதற்குத் தெரிந்துவிடுகிறது. அதனால் சாவியை எடுங்கள், திரும்ப வைத்துவிட்டு உட்காருங்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு காய் நறுக்குங்கள். அது கண்டுகொள்ளாமல் படுத்திருக்கும்போது கதவுக்கு வெளியே 5 நொடி, அப்புறம் 10, நடுவில் திரும்ப 3, பிறகு 20. பதறுவதற்கு முன்னாலேயே உள்ளே வந்துவிட வேண்டும், எல்லாமே அதில்தான் இருக்கிறது. பதறிவிட்டால் நேரம் அதிகம் என்று அர்த்தம், குறைத்துக்கொள்ளுங்கள். கதவைக் கிழித்திருந்தாலும் திட்டாதீர்கள், நீங்கள் திரும்பி வருவதையும் நினைத்துப் பயப்பட ஆரம்பித்துவிடும்.

தோட்டத்துவீடு:
நொடிக்கணக்கில் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் வேலைக்கு யார் போவது? இது வீட்டில் இருப்பவர்களுக்கான யோசனை.

மருதாணி:
அது உண்மையிலேயே கஷ்டமான இடம், மறுக்கவில்லை. பயிற்சி நடக்கும் வாரங்களில் அதைத் தனியாக விடாமல் இருப்பதுதான் நல்லது. மாமியார், பக்கத்து வீட்டு அக்கா, நாய்க் காப்பகம், யாராவது. எனக்கு மூன்று மாதம் ஆனது. துணைக்கு இன்னொரு நாய் வாங்கலாம் என்றும் சொல்வார்கள், ஆனால் அது ஏங்குவது உங்களுக்காக, இன்னொரு நாய்க்காக இல்லை.

கால்நடைமாணவன்:
முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், வலியோ சிறுநீர்த் தொற்றோ இருந்தால் அதுவும் பதற்றத்தைக் கூட்டும். இந்த அளவுக்கு இருந்தால் மருந்தும் உதவும். ஆள் பிரிந்து போனால் நாய்க்கு வரும் இந்தப் பிரிவுப் பதற்றத்துக்கென்றே, மனிதர்களுக்கு மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூயோக்ஸெட்டின் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2007இல் அனுமதி கொடுத்திருக்கிறார்கள்.

தோட்டத்துவீடு:
நாய்க்கு மனநோய் மாத்திரையா? மயங்கிக் கிடக்க வைப்பதற்குக் கூண்டே மேல்.

கால்நடைமாணவன்:
அது மயக்க மருந்து இல்லை சார். வேலை செய்யவே சில வாரம் ஆகும், பயிற்சியோடு சேர்த்துத்தான் கொடுப்பார்கள். வீட்டில் இருக்கும் மனித மாத்திரையை மட்டும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். கூண்டைப் பற்றி ஒரு விஷயம்: அடைத்தே வளர்க்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் தராமல் விடுவது 1960ஆம் வருட விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படியே குற்றம்.

தோட்டத்துவீடு:
நான் ஒருநாளும் அப்படி அடைத்து வைத்தவன் இல்லை. கதவைத் திறந்தே வைத்து, உள்ளே சோறு போட்டுப் பழக்கினால் கூண்டு நல்லதுதான், அதில் நான் மாறவில்லை. ஆனால் பதறுகிற நாயைப் பூட்டி வைக்கச் சொன்னது தப்பு. பல் உடைந்தது எனக்குத் தெரியாது அம்மா.

பெருங்குடி_மணி:
வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறோம். அதுவரை பகலில் அத்தை வந்து இருக்கிறார். நேற்று சாவியை 15 தடவை எடுத்து வைத்தேன், ஒன்பதாவது தடவைக்கு மேல் மணி எழுந்து வரவில்லை.