பல்வலி தானாக நின்றுவிட்டது. இனியும் வேர் சிகிச்சை தேவையா?

நிலவொளி:

அனைவருக்கும் வணக்கம். கீழ்வரிசையில் வலப்பக்கக் கடைவாய்ப் பல் ஒன்றில் இரண்டு ஆண்டுகளாகச் சொத்தை இருக்கிறது. முதலில் கரும்புள்ளிதான். பிறகு அது குழியாகி, நாக்கு நுனி ஓயாமல் அங்கேயே போய் நிற்கும். குளிர்ந்த நீர் பட்டால் ஒரு நொடி கூசும், உடனே அடங்கிவிடும். அதனால் தள்ளிப்போட்டுவிட்டேன்.

சென்ற வாரம் ஓர் இரவு 2 மணிக்கு வலி என்னை எழுப்பிவிட்டது. காது, நெற்றிப்பொட்டு எல்லாம் சேர்ந்து தெறித்தது. எந்தப் பல் வலிக்கிறது என்றுகூடச் சொல்ல முடியவில்லை. படுத்தால் கூடும், எழுந்து உட்கார்ந்தால் சற்றுக் குறையும். வெந்நீர் பட்டால் உயிரே போய்விடும். குளிர்ந்த நீரை வாயில் வைத்திருந்தால் மட்டும் தணியும். இப்படியே மூன்று இரவுகள் குவளையும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

நான்காம் நாள் பல் மருத்துவரிடம் போனேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, சீட்டில் "46 – வேர் சிகிச்சை, பிறகு உறை" என்று எழுதி நாள் குறித்துக் கொடுத்தார். அதாவது வேரின் உள்ளே சுத்தம் செய்து அடைத்து, பிறகு பல்லின் மேல் தொப்பி போல ஒன்றை மாட்டுவதாம். மறுநாள் காலையில் கண்விழித்தபோது வலி இல்லை! இன்றோடு ஐந்து நாட்களாகிவிட்டன. ஒன்றுமே இல்லை.

பல் தானாகச் சரியாகிவிட்டதா? வேறொரு நோய்க்கு வாங்கிய ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் வீட்டில் மீதம் இருக்கின்றன. அவற்றைச் சாப்பிட்டால் போதுமா? "பிடுங்கிப் போட்டுவிட்டால் தொல்லை விட்டது" என்கிறார் அம்மா. ஊசி என்றாலே எனக்குக் கைகால் நடுங்கும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தென்றல்:

வலி போய்விட்டதென்றால் உடம்பே சரிசெய்துகொண்டது என்றுதான் அர்த்தம். வெதுவெதுப்பான உப்பு நீரில் கொப்பளித்து வாருங்கள். சும்மா இருக்கும் பல்லை ஏன் தொட வேண்டும்?

பல் மருத்துவர்:

நான் பல் மருத்துவம் பார்ப்பவன். தென்றல் நல்ல மனத்துடன்தான் சொல்கிறார், ஆனால் இந்த இடத்தில் அது தவறு. உப்பு நீர் ஈறுக்கு இதமாக இருக்கும், பல்லின் உள்ளே அது போய்ச் சேராது.

நிலவொளி, அந்த மாத்திரைகளைத் தொடாதீர்கள். முதலில் நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். குளிர்ந்த நீர் பட்டால் அந்தப் பல் இப்போது கூசுகிறதா? கரண்டிக் காம்பால் மேலிருந்து மெதுவாகத் தட்டினால் பக்கத்துப் பல்லுக்கும் அதற்கும் வேறுபாடு தெரிகிறதா? கன்னத்தை விலக்கி, வெளிச்சம் அடித்து, அந்தப் பல்லுக்குக் கீழே உள்ள ஈற்றைப் பாருங்கள். பரு போல ஏதாவது இருக்கிறதா? காய்ச்சல், கன்னத்தில் வீக்கம், வாய் திறக்க முடியாமை ஏதேனும் உண்டா?

நிலவொளி:

கண்ணாடி முன் கைபேசி விளக்கை வைத்துப் பார்த்தேன் டாக்டர். குளிர்ந்த நீர் பட்டால் துளிகூடக் கூச்சமில்லை. மற்ற பற்களில் சில்லென்று தெரிகிறது, இதில் கல்லில் நீர் பட்டது போல இருக்கிறது. தட்டினால் பக்கத்துப் பல்லில் ஒலி மட்டும் கேட்கிறது. இதில் உள்ளே மந்தமாக ஒரு வலி.

ஈற்றில் கடுகளவு ஒரு புடைப்பு இருக்கிறது. வெளிர்மஞ்சள் முனை. விரலால் தொட்டதும் நாக்கில் உப்பும் கசப்புமாக ஏதோ கசிந்தது. எப்போது வந்தது என்று தெரியவில்லை, இதுவரை நான் பார்த்ததே இல்லை. காய்ச்சல், வீக்கம் எதுவும் இல்லை. பார்த்ததிலிருந்து பயமாக இருக்கிறது.

பல் மருத்துவர்:

பயப்பட வேண்டாம், காப்பாற்றக்கூடிய நிலையில்தான் தெரிகிறது. ஆனால் உங்கள் பல் ஆறவில்லை. அதன் நரம்பு செத்துவிட்டது, அதனால்தான் வலி நின்றது. வாயைப் பார்க்காமல் நான் முடிவாகச் சொல்லக்கூடாதுதான். இருந்தாலும் நீங்கள் எழுதியதில் ஒவ்வொரு வரியும் அங்கேதான் கொண்டுபோகிறது.

பல்லின் மேலே எனாமல், அதற்குக் கீழே டென்டின், நடுவில் ரத்தக்குழாயும் நரம்பும் கொண்ட மென்மையான பற்கூழ். சொத்தை டென்டினில் இருக்கும்வரை குளிர் பட்டால் கூசும், நீரை விழுங்கியதும் அடங்கும். இரண்டு ஆண்டுகள் உங்களுக்கு இருந்தது அதுதான். அப்போது ஒரு சாதாரண அடைப்போடு முடிந்திருக்கும். சொத்தைக் கிருமிகள் கூழை எட்டியதும் அது அழன்று வீங்கத் தொடங்கும். கையில் அடிபட்டால் தோல் விரிந்து வீக்கத்துக்கு இடம் கொடுக்கும். பல்லுக்குள் சுற்றிலும் கெட்டிச் சுவர், கூழ் வீங்குவதற்கு இடமே கிடையாது. அழுத்தம் முழுவதும் நரம்பின் மேல் இறங்கும். படுக்கும்போது தலைப்பக்கம் ரத்த அழுத்தம் சற்றுக் கூடுவதால்தான் இரவில் அந்தப் பாடு. சூடு பட்டால் தெறிப்பதும் குளிர் பட்டால் தணிவதும் கூழ் மீளமுடியாத கட்டத்தில் காணும் குறி.

அதன் பிறகு கூழ் சாகிறது. வலியைச் சொல்ல நரம்பு இல்லை, அமைதியாகிவிடுகிறது. கிருமிகள் வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்குகின்றன. அங்கே சேரும் சீழ் எலும்பைத் துளைத்து ஈற்றில் திறந்த வாய்தான் நீங்கள் பார்த்த கடுகளவு பரு. சீழ் வடிந்துவிடுவதால் அழுத்தமில்லை, அழுத்தமில்லாததால் வலியுமில்லை. என்னிடம் வருபவர்களில் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஐந்து நாளில் இப்படி ஒரு வழி உண்டாகிவிடாது. கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பொதுவாக இரண்டு வேர்கள். அவற்றில் ஒன்றின் நரம்பு முன்பே செத்து, சென்ற வாரம் மற்றதும் அடங்கியிருக்கலாம்.

ஆன்டிபயாட்டிக் ஏன் வேண்டாம் என்கிறேன்? மருந்து ரத்தத்தின் வழியாகப் பயணிக்கிறது. செத்த கூழில் ரத்த ஓட்டமே இல்லை, வேருக்குள் கிருமிகள் பதுங்கியிருக்கும் மெல்லிய குழாய்க்குள் மருந்து போகாது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும், பல்வலிக்கும் அந்தப் பல்லைச் சுற்றி மட்டும் உள்ள சீழுக்கும் பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக் வேண்டாம், பல்லுக்கான சிகிச்சையைச் செய்யுங்கள் என்றுதான் சொல்கிறது. காய்ச்சல் வந்தாலோ, வீக்கம் பரவினாலோ மருத்துவரே எழுதித் தருவார். கீழ்த்தாடைக்கு அடியிலோ கழுத்திலோ வீக்கம், நாக்கு மேலே தள்ளப்படுவது, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் – இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நடு இரவானாலும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். அதில் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக்கூடாது.

சீட்டில் உள்ள 46 பற்றிக் கவலை வேண்டாம். 4 என்றால் கீழ் வலப்பக்கம், 6 என்றால் நடுக்கோட்டிலிருந்து ஆறாவது பல். ஏறக்குறைய ஆறு வயதில் முளைத்து, மெல்லும் சுமையில் பெரும்பங்கைத் தாங்கும் பல் அது. பிடுங்குவதற்கு முன் நூறு முறை யோசிக்க வேண்டிய பல் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். இடைவெளியை அப்படியே விட்டால் பக்கத்துப் பல் அதில் சாயும், மேலே உள்ள எதிர்ப்பல் மெல்லக் கீழிறங்கும். பிறகு பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் செயற்கைப் பல்லான பாலமோ, எலும்பில் பதிக்கும் செயற்கை வேரான இம்பிளான்டோ வைக்க வேண்டி வரும். வேர் நெடுக விரிசல் விட்டிருந்தாலோ, உறையைப் பிடித்து நிறுத்தப் பல்லே மிச்சமில்லை என்றாலோ பிடுங்குவதுதான் சரி.

ஊசியைப் பற்றி: முதலில் ஈற்றின் மேல் களிம்பு தடவி மரக்கச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். மருந்தை மெதுவாகச் செலுத்தினால் வலி மிகக் குறைவு. கூழ் அழன்று துடிக்கும்போதுதான் கீழ்க் கடைவாய்ப் பல்லை மரக்கச் செய்வது கடினம். உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. வலி தெரிந்தால் கையை உயர்த்துவேன் என்று முன்பே மருத்துவரிடம் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

மாலைவெயில்:

நிலவொளி, என் கதையைக் கேளுங்கள். எனக்கும் இதேபோல வலி நின்றது. கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு, குறித்த நாளில் மருத்துவரிடம் போகவில்லை. எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் கன்னம் வீங்கி, ஒரு கண் பாதி மூடியிருந்தது. மருத்துவமனையில் மூன்று நாட்கள் இருந்தேன். எலும்பு கரைந்து பல் ஆடியதால் பிடுங்க வேண்டியதாயிற்று. இன்றும் அந்தப் பக்கம் மெல்லும்போது வெற்றிடம் உறுத்துகிறது. தயவுசெய்து போய்விடுங்கள்.

தென்றல்:

டாக்டர் எழுதியதைப் படித்த பிறகு என் பதிலை நினைத்து வருந்துகிறேன். மன்னியுங்கள் நிலவொளி. இதே இழையில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். போன மாதம் பல்லில் படிந்து இறுகியிருந்த பற்காரையை எடுத்தார்கள். அன்றிலிருந்து முன்பற்கள் கூசுகின்றன, இடையில் சந்து தெரிகிறது. சுத்தம் செய்ததால் பல் தேய்ந்துவிட்டதா?

பல் மருத்துவர்:

தேயவில்லை. காரை அடைத்துக்கொண்டிருந்த இடம் காலியானதால் சந்து தெரிகிறது, அதன் கீழே மறைந்திருந்த வேர்ப்பகுதி வெளிப்பட்டதால் கூசுகிறது. பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பற்பசையைக் காலையும் இரவும் பயன்படுத்துங்கள். இரண்டு முதல் நான்கு வாரங்களில் வேறுபாடு தெரியும். துலக்கிய பின் நுரையைத் துப்பினால் போதும், உடனே நீர் விட்டு அலசிவிடாதீர்கள். மருந்து பல்லில் தங்க வேண்டும். மென்மையான தூரிகையாக இருக்கட்டும். ஒரு பல்லில் மட்டும் கூச்சம் நீடித்தால் காட்டிவிடுங்கள்.

நிலவொளி:

நேற்றுப் போய் வந்தேன். உங்கள் எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும் என்று எழுதுகிறேன்.

களிம்பு கேட்டேன், தடவினார். ஊசி எறும்பு கடித்தது போலத்தான் இருந்தது. பத்து நிமிடத்தில் பாதி உதடு யாருடையதோ போல ஆகிவிட்டது. பிறகு பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பைக் கவ்வவைத்தார். எச்சில் உள்ளே போகாமலும், கழுவும் மருந்து தொண்டைக்குப் போகாமலும் காக்க என்று விளக்கினார். பல்லைத் திறந்ததும் ஒரு கெட்ட வாடை. வெட்கமாக இருந்தது. "இது வெளியே வருவதுதான் நல்லது" என்று உதவியாளர் அம்மா என் தோளைத் தொட்டார். மெல்லிய அரம் போன்ற ஊசிகளை விரலால் சுழற்றிச் சுழற்றிச் சுத்தம் செய்தார். வேரின் நீளம் அளக்கும் கருவி நுனியை நெருங்க நெருங்க விரைவாகக் கூவியது. மூன்று குழாய்கள் இருந்தனவாம். ஒன்றில் மட்டும் சுருக்கென்றது. கையை உயர்த்தினேன், உடனே நிறுத்தி இன்னும் கொஞ்சம் மருந்து செலுத்தினார். உள்ளே மருந்து வைத்து, தற்காலிகமாக அடைத்து அனுப்பினார். இன்று கடித்தால் லேசாக வலிக்கிறது. இது இயல்புதானா டாக்டர்?

பல் மருத்துவர்:

மிகவும் மகிழ்ச்சி. இரண்டு மூன்று நாட்கள் கடிக்கும்போது நோவு இருப்பது இயல்பே. தேவைப்பட்டால் பாராசிட்டமால் போதும், அளவை மீற வேண்டாம். வலி நாளுக்கு நாள் கூடினாலோ வீங்கினாலோ குறித்த நாளுக்குக் காத்திராமல் போங்கள். தற்காலிக அடைப்பு இருக்கும்வரை மறுபக்கம் மெல்லுங்கள். அது உதிர்ந்தால் எச்சிலோடு கிருமிகளும் திரும்ப உள்ளே போகும், அன்றே தெரிவியுங்கள்.

அடுத்த முறை குழாய்களை நிரந்தரமாக அடைப்பார். வலி இல்லாத மகிழ்ச்சியில் உறையை மட்டும் விட்டுவிடாதீர்கள். சொத்தையும் சிகிச்சையும் சேர்ந்து உள்ளே குடைந்த கடைவாய்ப் பல்லில் சுவர்கள் மட்டுமே மிச்சம். உறை இல்லாமல் கடித்து, பல் நடுவே பிளந்து வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கே மனம் கசந்துவிடும். அந்த ஈற்றுப் பருவையும் கவனியுங்கள், சில வாரங்களில் மறைந்துவிட வேண்டும்.

நிலவொளி:

இன்று காலை கண்ணாடியில் பார்த்தேன் டாக்டர். பரு பாதியாகச் சுருங்கியிருக்கிறது, தொட்டால் எதுவும் கசியவில்லை. உறைக்கும் சேர்த்து நாள் வாங்கிவிட்டேன். இடப்பக்க மேல்பல்லிலும் ஒரு கரும்புள்ளி இருப்பதாகச் சொன்னார். அதையும் அன்றே அடைத்துவிடச் சொல்லிவிட்டேன்.